எது இல்லைன்னு சொல்லுது?

எங்கள் ஆபீஸில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு பெண்மணியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. பெயர் வேண்டாம். நாற்பதை நெருங்கிய வயது, என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் வந்து, அங்கே பஸ் மாறி, நாமக்கல்லுக்குத் தினமும் ஒன்பதே காலுக்கு வந்து சேருவார். ஒன்பதரைக்கு வருகிற நாளில் நான் கேட்காமலே காரணம் சொல்வார். "பஸ் லேட்டுங்க சார்" என்று மற்றவர்களைப் போல் சொன்னால் பரவாயில்லை. "பஸ் லேட் இல்லைங்க. நான்தான் ஊட்டுல இருந்து ஆறு நிமிசம் பிந்திக் கிளம்பினேன். அந்த பஸ்ஸு போயிருச்சு, அடுத்த பஸ்ஸு சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு" என்பார். இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் என் காலைக் காபியைக் குடிக்க வேண்டும்.

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட சின்னக் கம்பெனி. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே வெல்டிங் வைத்தால் மேலே லைட் மினுக்கும். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் கண்ட்ரோலர் பெட்டி செய்து கொடுத்தோம். நாலு பக்கமும் மூடிய ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை ஃபேன் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதில் எங்கள் புரோகிராம். அவ்வளவு சின்ன போர்டில் உட்கார்ந்து புரோகிராம் தயாரிக்க முடியாது. ஆபீஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் தயாரித்து போர்டுக்கு அனுப்புவோம். இரண்டிலும் இருக்கும் சிப் வேறு வேறு. ஒன்றுக்காகச் செய்தது மற்றதில் ஓடாது. ஒரு மிஷினில் இருந்துகொண்டு இன்னொரு மிஷினுக்காகச் செய்யும் இந்த வேலைக்கு கிராஸ் கம்பைல் என்று பெயர்.

இதில் எங்களை வாட்டி எடுத்தது லைப்ரரி என்கிற துணை ஃபைல்கள்தான். புரோகிராம் எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு போகாது. சூட்டை அளக்கும் சென்சாரோடு பேச ஒரு லைப்ரரி, நெட்வொர்க்குக்கு ஒரு லைப்ரரி என்று, போர்டில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். அது கேட்கிற லைப்ரரி போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைக்காவிட்டால், "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டத்தான் நான் அவரை வேலைக்கு எடுத்தேன்.

இன்டர்வியூவில், "கிராஸ் கம்பைல் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பண்ணியிருக்கேனுங்க. சரியா வந்ததைக் காட்டிலும் வராததுதான் நெறைய."

அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கமெல்லாம் இல்லை. நிஜமாகவே எண்ணி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவர் வந்து இரண்டு மாதம் இருக்கும். புதிதாக வாங்கிய போர்டு ஒன்றில் எங்கள் புரோகிராமைப் போட்டேன். ஓட்டினால் "இல்லை" என்றது. லைப்ரரி இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. புரோகிராமே இல்லை என்றது. பட்டியலைப் பார்த்தால் ஃபைல் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. ஓட்டினால் இல்லை. அழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன். இல்லை. நாலு தடவை அனுப்பினேன். மத்தியானத்துக்குள் ஒரு பண்ணைக்கு டெமோ காட்டப் போக வேண்டும். போர்டைத் தூக்கி ஜன்னல் வழியாக பட்டறைக்குள் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

அவர் வந்து பின்னால் நின்றார். "எது இல்லைன்னு சொல்லுது?"

"புரோகிராம்தாங்க. எழுதியே இருக்குது பாருங்க."

"இல்லைன்னுதான் எழுதியிருக்குது. எது இல்லைன்னு எழுதல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு புரோகிராமும், தன்னை ஏற்றிவிட யார் வர வேண்டும், கூட என்னென்ன லைப்ரரி வேண்டும் என்று தன் ஆரம்பத்திலேயே குறித்து வைத்திருக்கும். அதைப் படிக்க ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுப் படித்தார். லைப்ரரிகளையெல்லாம் தேடிப் பிடித்து ஏற்றிவிடுகிற ஒரு குட்டி புரோகிராமின் பெயர் அதில் இருந்தது. அந்தப் பெயரில் ஒன்றும் இந்த போர்டில் கிடையாது. புது போர்டில் அதற்கு வேறு பெயர். ஏற்றிவிட ஆளில்லாததற்குத்தான், மூட்டையே இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த போர்டுக்கு உரிய கம்பைலரை எடுத்துப் புதிதாகத் தயாரித்தோம். ஓடியது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இருங்க சார்."

"ஓடுதுல்லங்க?"

"ஓடுதுங்க. நெட்வொர்க் லைப்ரரியை எந்த எடத்துல இருந்து எடுத்துச்சுன்னு இன்னும் பாக்கல."

"அது எங்கிருந்து எடுத்தா நமக்கென்னங்க?"

அவர் விடுவதாக இல்லை, மறுபடி கீபோர்டில் தட்ட ஆரம்பித்தார். டெமோவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். பண்ணைக்காரர் கோழித் தீவன லாரி வந்துவிட்டது என்று என்னைப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது, "சரியான எடத்துல இருந்துதான் சார் எடுத்திருக்குது" என்று சொன்னார். ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி முகம்.

இது வேலையோடு நின்றிருந்தால் சகித்துக்கொண்டிருக்கலாம். என் அப்பா இறந்தபோது, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சுக்குத் தவித்துத்தான் போனார். அதை அம்மாவால் கேட்கச் சகிக்காது என்று, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து துக்கம் கேட்க வந்த இந்தப் பெண்மணி, வீட்டுப் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அத்தை இவரிடம், "ஒரு செரமமும் இல்லாம போயிட்டாருங்களாமா, அந்த மட்டுக்கும் நல்ல சாவு" என்றார். மற்றவர்களாக இருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

"எனக்குத் தெரியலைங்க. சார் ரெண்டு நாளா ஐசியு வாசல்ல இருந்துதான் எங்ககிட்ட போன்ல பேசிட்டிருந்தாரு" என்றார் இவர்.

அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

மூன்று வாரம் நான் அவரோடு வேலை தவிர வேறு பேசவில்லை. ஒருநாள் அவரே என் மேஜைக்கு வந்தார். "எம்மேல கோவமா இருக்கீங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லியிருக்கணும்ங்கறீங்களா, இல்ல பேசாம இருந்திருக்கணும்ங்கறீங்களா?"

"பேசாம இருந்திருக்கலாம்."

"ஆமாங்க. அது முடிஞ்சிருக்கும். தப்புத்தான்" என்றுவிட்டுப் போய் உட்கார்ந்தார். சண்டை போட வாய்ப்புக்கூடத் தராத மனுஷி.

இப்போது, அவர் வந்த இரண்டாவது வருடச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன். கண்ட்ரோலர் புரோகிராமில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, ஏழு பண்ணைகளுக்கு ஆபீஸிலிருந்தே நெட் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. அவர் தங்கை பெண் பெரியவளான சீருக்காக லீவில் இருந்தார். நான் கம்பைல் செய்து, பண்ணைகளில் இருக்கும் அதே வகைப் பழைய போர்டு ஒன்று ஆபீஸில் இருந்தது, முதலில் அதில் போட்டுப் பார்த்தேன். சென்சாரோடு பேசும் லைப்ரரியின் ஐந்தாவது பதிப்பு வேண்டும், அது இல்லை என்றது. போர்டில் இருந்தது நாலாவது பதிப்பு. புரோகிராம் ஏன் ஐந்தைக் கேட்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். அவர் இருந்திருந்தால் அதற்கு அரை நாள் ஆகியிருக்கும். அவர் இல்லை என்கிற சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஐந்து என்று பெயர் வைத்து, அது நாலைக் காட்டுகிற மாதிரி ஒரு லிங்க் போட்டேன். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிற வேலை. புரோகிராம் ஏமாந்து ஓட ஆரம்பித்தது. இருபத்தொன்பது டிகிரி என்று காட்டியது. ஆபீஸிலும் இருபத்தொன்பதுதான் இருந்தது. மறுநாள் அதிகாலையில், கோழிகளுக்குத் தீவனம் வைக்கும் முன்பே, ஏழு பண்ணைக்கும் புரோகிராமையும் அந்த லிங்க்கையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

லீவு முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான். பதினொன்றரை மணிக்கு போன் வந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி உள்ளே போனால் வரும் பண்ணை. எங்களுடைய முதல் வாடிக்கையாளர்.

"தம்பி, பெட்டி இருவத்தாறு டிகிரின்னு காட்டுதுங்க. கோழி அத்தனையும் வாயப் பொளந்துட்டு எளைக்குது. கடைசி வரிசையில சாஞ்சு கெடக்குது. ரெண்டு ஃபேன்தான் ஓடுது."

கேட்டதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "ஐயா, பெட்டிக்குப் பக்கத்துல செவப்பு சுச்சு இருக்குதுங்களா? அதை மேனுவலுக்குத் திருப்புங்க. எல்லா ஃபேனையும் கையிலயே போடுங்க. கூலிங் பேடுக்குத் தண்ணி மோட்டரையும் போடுங்க. நாங்க வாரோம்."

காரில் போகும்போது, என்ன நடந்திருக்கும் என்று அவர் கேட்டார். கரண்ட் ஏறி இறங்கியிருக்கலாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் போனபோது பத்து ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட் வாசலில் தீவனச் சாக்கின் மேல் செத்த கோழிகளைக் குவித்திருந்தார்கள். ஆட்கள் இன்னும் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணவில்லை. பண்ணைக்காரர் அறுபது வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் உடைந்திருந்தது.

"என்னாச்சு தம்பி?"

"வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் பாக்கலைங்க" என்றார் இவர், என்னை முடிக்க விடாமல். "பாத்துட்டுச் சொல்றோம்."

பெட்டி இருக்கும் அறையில் ஒரு தீவன மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றார். நான் நடுவில் நின்றேன். புரோகிராம் காலை ஆறு மணிக்கு, ஓட ஆரம்பித்ததும் முதல் தடவை சரியாகப் படித்த இருபத்தாறையே பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு சென்சாரைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் லைப்ரரி புரியாத பதிலைத் தந்திருக்கிறது. புரோகிராம் அதைத் தள்ளிவிட்டுப் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் நான் போட்டுப் பார்த்த கொஞ்ச நேரத்தில் சூடு மாறவில்லை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். புரோகிராம் என்ன கேட்கிறது? ஐந்து. அது இருக்கிறதா? இருக்கிறது. எங்கே இருக்கிறது? அங்கேதான் அவர் விரல் நின்றது. ஐந்து என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது நாலு.

அண்ணாந்து என்னைப் பார்த்தார். "இந்த லிங்க்கை யாரு சார் போட்டது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். ஆபீஸில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் கைகாட்டியிருக்கலாம். தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். பண்ணைக்காரர் ஒரு அடி உள்ளே வந்தார். ஃபேன்களின் இரைச்சலில் சுவரெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நான்தாங்க" என்றேன்.

பண்ணைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்த ஆறு பண்ணையிலயும் இதேதான இருக்கும்?" என்று மட்டும் இவர் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று பண்ணை என்று போன் போட்டோம். உடனே மேனுவலுக்கு மாற்றச் சொன்னோம். புதன்சந்தைப் பக்கம் ஒரு பண்ணையில் ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலாளியம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே ஷெட்டுக்கு ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சுவிட்ச் விழுந்து ஃபேன் எடுக்கிற சத்தமும் கேட்டது. மற்ற ஆறு இடத்திலும் கோழி சாகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்னாகியிருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

எல்லா இடத்துக்கும் பழைய புரோகிராமைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி மூன்றரை. ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது போல் கானல் மினுங்கியது. பாதி தூரம் வந்திருப்போம்.

"வண்டியத் திருப்புங்க சார்" என்றார்.

"என்ன மறந்துட்டீங்க?"

"ஒண்ணும் மறக்கல. புரோகிராம் எதுக்கு அஞ்சாவதைக் கேட்டுச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

விஷயம் இதுதான். புரோகிராம் கம்பைல் ஆகும்போது, பண்ணையில் இருக்கும் போர்டில் என்னென்ன லைப்ரரி உண்டு என்று பார்த்துக்கொள்ள, அந்த போர்டின் ஃபோல்டர்களை அப்படியே நகலெடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருப்போம். லீவு போடுவதற்கு முந்தின நாள் இவர் அந்த நகலைப் புதுப்பித்திருக்கிறார். பண்ணை போர்டிலிருந்து எடுப்பதற்குப் பதில், தன் மேஜையில் கிடந்த புதுச் சாம்பிள் போர்டிலிருந்து எடுத்துவிட்டார். அதில் இருந்தது ஐந்தாவது பதிப்பு. லிங்க் போட்டது நான். அதைப் போடும்படி ஒரு நிலைமை வந்தது இவரால்.

"சரிங்க, நமக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஆபீஸ்ல சரி பண்ணிக்கலாம்."

"அவருகிட்ட உங்க தப்பு மட்டும்தான சொல்லியிருக்குது?"

"அதனால என்னங்க? நானே ஒத்துக்கிட்டாச்சு. விடுங்க!"

"முழுசாச் சொல்லலைங்க."

நான் கெஞ்சினேன். கத்தவும் செய்தேன். செத்த கோழியைப் புதைத்துக்கொண்டிருக்கிற மனுஷரிடம் திரும்பிப் போய் ஃபோல்டரைப் பற்றிப் பேசப்போகிறீர்களா, கொஞ்சமாவது மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க திருப்பலைன்னா நிறுத்துங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார். திருப்பினேன். ஸ்டியரிங்கை நான் பிடித்திருந்த பிடியில் அது உடையாதது ஆச்சரியம்.

பண்ணைக்காரர் குழி தோண்டும் இடத்தில் நின்றிருந்தார். நினைத்த மாதிரியேதான் நடந்தது. இவர் அவர் முன்னால் போய் நின்று, சாம்பிள் போர்டு, நகல், நாலு, ஐந்து என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மணி, நீ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல சாமி" என்றார் கடைசியில். "இதைச் சொல்லவா திரும்பி வந்தீங்க?"

"ஆமாங்க. சாரு மட்டும் பண்ணுனாருன்னு நீங்க நெனச்சிரக் கூடாதுங்க. எந்தப்பும் இருக்குது."

"செரி. நாளைக்கு ஃபேன் ஓடுமா?"

இங்கேயாவது ஓடும் என்று சொல்லிவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு ஓடுதுங்க. நாளைக்குக் காத்தாலயும் மத்தியானமும் நான் வந்து தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

பண்ணைக்காரர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். நான் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். இவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

மறுநாள் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஆட்டையாம்பட்டியிலிருந்து மூன்று பஸ். பத்து நாள் அப்படிப் போனார். நடந்ததை முழுவதும் எழுதி, என் பங்கு இது, அவர் பங்கு இது என்று பிரித்து, ஏழு பண்ணைக்கும் கடிதமாகக் கொடுத்தார். அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இரண்டு பேர் எங்கள் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். வேலூர்ப் பண்ணைக்காரர் தன் மூன்று ஷெட்டில் ஒன்றில் மட்டும் வைத்துக்கொண்டார். அடுத்த கோடை வந்ததும் மற்ற இரண்டுக்கும் மறுபடி கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை, இவரிடம்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் சேலத்தில் வேறு வேலை கிடைத்து இவர் கிளம்பினார். கடைசி நாள் மத்தியானம் காபியும் போண்டாவும் வாங்கி வைத்து, எல்லோரும் இரண்டு வார்த்தை பேசினோம். நான் அவரைக் கொஞ்சம் தாராளமாகவே புகழ்ந்தேன். "அக்கா, நீங்க சாரைப் பத்திச் சொல்லுங்க" என்று ஒரு பையன் கேட்டான்.

எழுந்து நின்றார்.

"சாரு பொறுமைசாலின்னு சொல்ல முடியாதுங்க. வேலை சுத்தம்னும் சொல்ல முடியாது. அன்னிக்கு ஷெட்டுல யாரு போட்டதுன்னு கேட்டப்ப, நான்தான்னு சொன்னாரு. சொல்ல ஒரு நிமிசம் ஆச்சு. ஆனா சொன்னாரு. நான் பாத்தேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு நிமிஷமெல்லாம் ஆகவில்லை. அரை நிமிஷம்கூட இருக்காது. அவர் கேட்டார், பண்ணைக்காரர் ஒரு அடி உள்ளே வந்தார், நான் சொன்னேன். இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று, கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். ராசிபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படி இறங்கிப் போய்விட்டிருந்தார்.